இருபத்துநாலு பின்வாசல்கள்

விதி ஒன்பது இப்படிச் சொல்கிறது: ‘குடியிருப்புக்கு வரைபடம் தயாரிக்கும் அதிகாரி, கோடைக்காலத்தில், அங்கே வசிக்கப்போகிறவர்கள் வேலைக்குப் போய்வரும் நேரத்தில், அந்த இடத்தைக் காலால் நடந்து பார்த்து, நடந்தேன் என்று சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.’

ஓவர்சியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் ஜில்லா போர்டின் விதிப்புத்தகத்தில் புத்தியுள்ள ஒருவர் எழுதியது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். அதனாலேயே அதை யாரும் பின்பற்றுவதில்லை. நானும் பின்பற்றவில்லை. சான்று மட்டும் எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

இடம், ஆம்பூரிலிருந்து ஜட்காவில் போகக்கூடிய தூரத்தில், பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் மண்டி. ஆட்டுத்தோலை சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதனிட்டுக் கப்பலேற்றும் இடம். அங்கே வேலை செய்தவர்களின் குடிசைகள் ஒரு கோடையில் எரிந்துபோயின. போர்டு மனம் இரங்கி, இருபத்துநாலு வீடு கட்டித்தரத் தீர்மானித்தது. மாதிரிக் குடியிருப்பு என்று பெயர் வைத்தார்கள். மாதிரி என்று பெயர் வைக்கும் எதிலும் எச்சரிக்கையாக இருங்கள். யாருக்கு மாதிரி என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடம் என் கையில் வந்தது. இடத்தைப் பார்க்க ஜட்காவை நானே ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கவில்லை. வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் வீட்டில் விதி ஒன்பதைவிடப் பழைய விதி ஒன்று இருந்தது: சேரிக்குள் கால் வைத்தவன் குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அன்றைக்கு எனக்குக் குளிக்கச் சோம்பலாக இருந்தது. குதிரை தண்ணீர் குடித்த நேரத்தில் நாலு பக்கமும் பார்த்தேன். ‘நடந்து பார்த்தேன்’ என்று எழுதினேன். என்ஜினீயர், என் சான்றைப் பார்த்ததாக மேலொப்பம் இட்டார். ஆக, ஒருவர் நடக்கவில்லை, மற்றவர் பார்க்கவில்லை. காகிதத்தில் இருவரும் கடமையைச் செய்துவிட்டோம்.

வரைபடம் நேர்த்தியானது. அதை மட்டும் நான் இன்றும் சொல்வேன். ஒரே வரிசையில் இருபத்துநாலு வீடு. முன்னால், தெற்கே, முப்பது அடி அகலத்தில் சரளைக்கல் வீதி. அது கிழக்கே நேராக ஓடி டிரங்க் ரோட்டில் சேரும்; அந்த ரோட்டில் வடக்கே திரும்பிப் போனால் மண்டி கேட். வடக்கே, வீடுகளின் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் புறம்போக்கு நிலம். அதற்கு அப்பால் தோல் மண்டி. மண்டியின் நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று சுகாதார விதி இருந்ததால், அந்தப் பக்கச் சுவரில் வாசலோ ஜன்னலோ கிடையாது; சுற்றிக்கொண்டு போகவும் முடியாதபடி வரிசையின் இரு கோடியிலும் மதில். கூரைக்குத் தகரம். ஆம்பூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்த சீமைத் தகரம். அதைப் போட்ட முதல் கோடையில் ஜனங்கள் அதன்மேல் பனையோலை வேய்ந்துவிட்டார்கள். கூரைக்கே கூரை தேவைப்பட்ட வீட்டை நான் கட்டியிருந்தேன்.

தம்பிகளே, ஒரு அறைக்குக் காற்று வரவேண்டுமானால் அது வெளியே போகவும் வழி வேண்டும். போக வழியில்லாத இடத்துக்குக் காற்று வராது. மனிதனைவிட அதற்கு விவரம் அதிகம். இதைப் பரீட்சையில் எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். வரைபடத்தில்தான் எழுத மறந்துபோனேன்.

அந்தப் புறம்போக்கில் ஒரு பாதை இருந்தது. சர்வேப் படத்தில் அது இல்லை. பதனிட்டு முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கையை மண்டியில் குவித்துப்போடுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வழியெல்லாம் கூடையிலிருந்து உதிரும். வருஷக்கணக்காக உதிர்ந்து உதிர்ந்து, மண்டி கேட்டிலிருந்து பழைய குடிசைகள் வரை கால் புதையாத, சூடேறாத, மழையில் சேறாகாத ஒரு பழுப்புப் பாதை உண்டாகியிருந்தது. ஒருபக்கம் புங்கமரங்கள். போர்டு ஒரு பைசா செலவழிக்காததால் கெட்டுப்போகாமல் இருந்த பாதை. என் வீடுகள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்தன.

ஜனங்கள் குடியேறிய மூன்றாம் மாதம் என்ஜினீயர் கூப்பிட்டனுப்பினார்.

“ஓய், உம்ம மாதிரிக் குடியிருப்பைப் போய்ப் பார்த்தீரா?”

“என்ன சார் விஷயம்?”

“பதினாலாம் நம்பரில் ஒருத்தி பின்சுவரைக் கடப்பாரையால் இடித்து வாசல் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு ஓட்டை. நீர் குடியிருப்பு கட்டினீரா, வலை பின்னினீரா?”

“நோட்டீஸ் கொடுத்துவிடலாம் சார்.”

“கொடுத்தாயிற்று. அவள் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை பிரசிடெண்ட் வருகிறார். இன்றைக்கே கொத்தனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினாலாம் நம்பரை முதலில் அடைத்துவிடும். மறித்தால் வீட்டை ரத்து செய்துவிட்டு வாரும். மற்றவர்கள் தானாக அடைத்துக்கொள்வார்கள்.”

உத்தரவு சரியானது. விதி பன்னிரண்டு, பதினேழு, இருபத்திரண்டு மூன்றும் அவர் பக்கம். இரண்டு கொத்தர்கள், ஒரு வண்டி செங்கல், கலவைச் சட்டி, ரத்து உத்தரவு, நான். போய்ச் சேரும்போது உச்சிவெயில்.

பதினாலாம் நம்பரில் இருந்தது கன்னியம்மா. மண்டியில் காலை வேளையில் பட்டை இடிக்கிறவள். என் வயதுதான் இருக்கும். உடைத்த வாசலின் நடுவில், ஒரு காலை வீட்டுக்குள்ளும் ஒரு காலைப் பாதையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் புளித்தண்ணீர்.

“வாங்க சாமி. செங்கல்லு நெறைய கீது போல. ஓட்டைக்கு மட்டும்தானா, எங்களையும் சேத்து வெச்சுப் பூசப்போறீங்களா?”

“இது சட்டவிரோதம் அம்மா. இந்தப் பக்கம் வாசல் கூடாது. மண்டி நாற்றம் வீட்டுக்குள் வரும்.”

“நாத்தமா? அது எங்க வூட்டுக்காரரு மேலயே ஏறிக்கினு தெனம் வருது. அதுக்கு எதுக்கு சாமி தனியா வாசலு?”

கொத்தர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கலவையைப் பார்த்தான்.

அப்போது மண்டியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் அவள் புருஷன் ஆறுமுகம் புங்கமர நிழலில் சக்கைப் பாதையில் நடந்து வந்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிற வேலை. வந்தவர் சாப்பாட்டைக் கேட்கவில்லை, காலை நீட்டினார். அவள் புளித்தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். அந்தக் கால்களை நான் அப்போதுதான் பார்த்தேன். விரலிடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற குழிகள், மிளகு போகிற அளவுக்கு. மதியம் ஒரு முறை சுண்ணாம்பை முறித்துக் கழுவாவிட்டால் மறுநாள் காலைத் தரையில் ஊன்ற முடியாது. குழிவேலைக்காரர்கள் மதியம் வீட்டுக்கு வருவது களி தின்பதற்காக மட்டும் அல்ல. இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

“இந்த வாசலை மூடினா இவரு ரோட்டைச் சுத்தித்தான் வரணும்,” என்றாள் கன்னியம்மா. “அரைமணி நேரம்தான் வுடறாங்க. குடி வந்த ரெண்டே நாளுல, வாசலு வெக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு தபா லேட்டாயி கேட்ல பேரு எழுதிட்டாங்க. மூணாவது தபா எழுதினா ஆளை எடுத்துடுவாங்க. மண்டில ஆள் இல்லன்னா இந்த வூடும் இல்ல. உங்க சட்டம்தான் அப்டிச் சொல்லுது, இல்ல?”

சொல்லியது. விதி முப்பது. வீடு ஒதுக்கியபோது நானே படித்துக் காட்டியிருந்தேன்.

“வீதி நல்ல வீதி. நான் அளந்து போட்டது,” என்றேன். “இடத்தை நடந்து பார்த்துத்தான் வரைபடம் தயாரித்தேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நடந்தீங்களா? ஜட்கால குந்திக்கினு இருந்தீங்க. குதிரைக்கு நான்தானே தண்ணி காட்டினேன்.”

கொத்தர்கள் இருவரும் கலவையில் மும்முரமானார்கள்.

“மூடுங்க சாமி, வேணான்னு சொல்லல. மூடினப்பறம் இவரு எப்டிப் போவாருன்னு இன்னிக்கே பாத்துடலாம். இவரு களி துன்னட்டும். அப்பறம் ரோட்டுமேலயே கூட்டிக்கினு போங்க. சங்குக்குள்ள போய்ச் சேந்துட்டா நானே கல்லு எடுத்துக் குடுக்கறேன்.”

“ஏய், இன்னா வெளாட்டு இது,” என்றார் ஆறுமுகம். அவருக்குத்தான் வேலை போகும்.

“வெளாட்டுதான். தெனம் வெளாடறதுக்குப் பதிலா இன்னிக்கு ஒரு நாள் வெளாடினா போதும்.”

அவர் அவசரமாகத் தின்று எழுந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். சங்கு ஊத இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. என் முப்பது அடி வீதியில் இறங்கினோம்.

நாடு முழுவதும் போட்டுக்கொள்ளும் செருப்புக்குத் தோல் பதனிடுகிற ஊரில், செருப்பு போட்ட கால்களை எண்ணிவிடலாம். அன்று அந்த வீதியில் பூட்ஸ் போட்டிருந்தவன் நான் ஒருவன். குடை பிடித்திருந்தவனும் நான் ஒருவன். வீதி வேண்டிய அகலம் இருந்ததால் ஒரு பக்கத்து நிழல்கூட அதன்மேல் விழவில்லை. இரண்டு வண்டி எதிரெதிரே தாராளமாகப் போகலாம். வண்டி வைத்திருந்தவர் அங்கே யாரும் இல்லை.

“வெயில் ஜாஸ்தி, ஓரமா வாங்க சாமி,” என்றார் ஆறுமுகம். ஓரம் என்று எதைச் சொன்னாரோ. வீதி எல்லாம் ஒரே சூடு.

கொஞ்ச தூரம் போனதும் தலைத்துண்டை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்றார். கால் ஆறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுபடி நின்றார். கேட்டுக்குப் போவதற்குள் ஐந்து முறை அப்படி நின்றார். அலுப்போ கோபமோ இல்லை. துண்டை விரிப்பதும் எடுப்பதும் பழகிய வேலை போல இருந்தது. நான் குடையை அவர் பக்கம் சாய்த்தேன். “காலுக்குக் குடை எதுக்கு சாமி,” என்றார்.

டிரங்க் ரோட்டில் திரும்பும்போது சங்கு ஊதிவிட்டது.

கேட் மூடியிருந்தது. காதர் மேஸ்திரி பேரேடும் பென்சிலுமாக உள்ளே நின்றிருந்தார். என்னைக் கண்டு, கேட்டிலேயே இருந்த சின்னத் திட்டிவாசலைத் திறந்தார்.

“சார்கூட வந்ததால உள்ள வுடறேன். எழுதல,” என்றார். “ஆனா நாளைக்கி யாரு சார் இவன்கூட வருவா? குழில நல்லா வேல தெரிஞ்ச ஆளு. இவன் பேரை எழுதறது எனக்கே பேஜாரா கீது. சங்கு அடிச்சா எழுதணும், அது மொதலாளி ஆர்டர்.”

ஆறுமுகம் குழிப் பக்கம் போனார். நான் சக்கைப் பாதையில் திரும்பினேன். பாதியில் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஈரத் துணிமேல் நடப்பதுபோல் இருந்தது. ஐந்தே நிமிஷத்தில் அவள் வாசலில் நின்றேன். கொத்தர்கள் வெற்றிலை மென்று முடித்திருக்கவில்லை.

“வந்துட்டாரா சங்குக்குள்ள?” என்றாள் கன்னியம்மா. என் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு, பதிலை எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தெற்கு வாசலும் இந்த ஓட்டையும் நேருக்கு நேர். இடையே காற்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வரைந்த அறை மனிதர் இருக்கத் தகுந்ததாக ஆகியிருந்தது, அவள் இடித்ததால்.

இப்போது என்ன செய்வது? தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் மூன்று யோசனைகள் வரும். உத்தரவுப்படி அடைத்துவிட்டு, வருத்தத்தோடு வீட்டுக்குப் போவது முதல் யோசனை. பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். வருத்தம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். கொத்தர்களை அனுப்பிவிட்டு, அடைத்தாயிற்று என்று எழுதுவது இரண்டாவது. இதில் எனக்குக் கை பழகியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை பிரசிடெண்ட் வருவார். அவருக்குக் கண் இருந்தது. உரத்த குரலில் நியாயம் பேசுவது மூன்றாவது. நியாயத்துக்கு எங்கள் ஆபீசில் தபால் எண் கிடையாது.

எனக்குத் தெரிந்தது விதிப்புத்தகம் ஒன்றுதான். விதி மூன்று: சான்று பழுதானால் வரைபடம் பழுது. விதி நாலு: வரைபடம் பழுது என்று தெரிந்தால், மேலிட உத்தரவு வரும்வரை அதன்கீழ் எந்த நடவடிக்கையும் எடுக்கலாகாது. கல்லும் கலவையும் அதற்குள் அடக்கம். ஆனால் சான்று பழுது என்று யார் சொல்வது? நான் நடந்தேனா இல்லையா என்பது மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒன்று குதிரை. கன்னியம்மா சொன்னால் ஆபீசில் எடுபடாது. மிச்சம் நான்.

அவளுடைய சக்கைக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதினேன். ‘விதி ஒன்பதின்படி நான் நடக்கவில்லை. நான் எழுதிய சான்று உண்மையல்ல. இன்று நடந்தேன். இந்த இடத்தில் வீடுகளின் முகம் எது, முதுகு எது என்பதை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். பின்வாசல்களையும் பாதையையும் அங்கீகரிக்க உத்தரவு கோரப்படுகிறது. உத்தரவு வரும்வரை விதி நாலின்படி வேலை நிறுத்தப்பட்டது.’

“இன்னா சாமி எழுதறீங்க?”

“புகார்.”

“எம்மேலயா?”

“என்மேல்.”

“சாட்சி வேணுமா?” என்றாள்.

கொத்தர்கள் செங்கலை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவள் அன்றைக்கே அந்த வாசலுக்கு இரண்டு படி கட்டிக்கொண்டாள். என் வீட்டில் அன்று நான் குளிக்காமலே படியேறினேன். யாரும் கேட்கவில்லை.

என்ஜினீயர் என் குறிப்பை இரண்டு முறை படித்தார். “பொய்ச்சான்றுக்கு என்ன தண்டனை தெரியுமா?”

“தெரியும் சார். விதி நாற்பத்தொன்று. பதவி உயர்வு நிறுத்தம். மேலொப்பம் இட்டவருக்கும் விளக்கம் கேட்பார்கள்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிழித்துப்போட முடியாது, தபாலில் பதிவு செய்துவிட்டுத்தான் மேஜையில் வைத்திருந்தேன். சிபாரிசு செய்யவும் முடியாது. அவர் அனுபவசாலி. சுகாதார அதிகாரியின் அபிப்பிராயத்துக்கு என்று எழுதி அனுப்பினார். அங்கிருந்து தொழிலாளர் இலாகாவுக்கு. அங்கிருந்து, புறம்போக்கு சம்பந்தப்பட்டது என்று தாசில்தாருக்கு. தாசில்தாரிடமிருந்து, நாற்றம் சம்பந்தப்பட்டது என்று மறுபடி சுகாதார அதிகாரிக்கு. அவ்வளவு அகலமான ராஜபாட்டையில் ஒரு காகிதம் இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கம் போய்ச் சேர நாளாகும்.

பிரசிடெண்ட் வந்தார். கேட்டார். ‘மேலிட உத்தரவு எதிர்பார்க்கப்படுகிறது’ என்றேன். அடுத்த பிரசிடெண்டும் கேட்டார். அதையே சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பாத கோப்பு அது ஒன்றுதான். பதில் வராதவரை ஒரு கல்லும் வைக்க முடியாது, எனக்கு உயர்வும் கொடுக்க முடியாது. எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் என்னைத் தாண்டி மேலே போனார்கள். அவர்கள் ஜட்காவில் போய்ச் சான்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் எழுதியதற்குத் தண்டனை. எனக்கு வரவேண்டியது எனக்கு வந்தது. அவர்களுக்கு வரவேண்டியது வழியில் இருக்கிறது.

இதற்குள் குடியிருப்பு தானாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. கோலம் பின்வாசலில். விளக்கு பின்வாசலில். பாதையோரம் ஓர் ஆப்பக்கடை. இன்னும் நாலு புங்கங்கன்று வைத்தார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் முன்வாசல். சட்டவிரோதமான வாசல் என்று சொன்னால் சிரிப்பார்கள். என் முப்பது அடி வீதியில் மிளகாய் காய்ந்தது. மிளகாய்க்கு அதைவிட நல்ல இடம் வடாற்காடு ஜில்லாவிலேயே கிடையாது. ஆறுமுகத்தைக் காதர் மேஸ்திரி குழியிலிருந்து எடுத்துப் பட்டைக் கொட்டகையில் போட்டார். மூன்றாம் முறை அவர் பெயர் எழுதப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் என் பிறந்தநாளை ஏப்ரல் ஒன்று என்று எழுதிவிட்டபடியால், நான் ஓய்வு பெறவேண்டிய நாள் அதற்கு முந்தைய நாள். அன்று காலை பதினொரு மணிக்கு, மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, தபாலில் அந்தப் பதில் வந்தது. நிதி ஆண்டின் கடைசி நாளில் எல்லா ஆபீசும் அலமாரியைக் கழுவும். கழுவியதில் இது வெளியே வந்திருக்கிறது. நாலு வரி. ‘பொய்ச்சான்றுக்காக ஓவர்சியர் கண்டிக்கப்படுகிறார். விதி ஒன்பதைப் பார்க்க. தற்போது பதவியிலிருக்கும் ஓவர்சியர் இடத்தை நடந்து பார்த்துச் சான்று அனுப்பினால் வாசல்களும் பாதையும் அங்கீகரிக்கப்படும். இல்லையேல் வாசல்கள் உடனே அடைக்கப்படும்.’

ஐந்து மணிவரை பதவியிலிருக்கும் ஓவர்சியர் நான். மறுநாள் வரப்போகிறவரிடம் நல்ல ஜட்கா இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: விதி கோடைக்காலம் என்கிறது, பங்குனி கோடையா? இந்த ஜில்லாவில் அதை ஆராய வேண்டியதில்லை என்று தீர்மானித்தேன். நான் தனியாக எடுத்த கடைசி உத்தியோகத் தீர்மானம் அது. மண்டி கேட்டருகே போய் நின்றேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்தவர்களோடு நடந்தேன்.

கன்னியம்மா அதே படியில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது, எனக்கும்தான்.

“இன்னா சாமி, மூட வந்துட்டீங்களா?”

“இல்லை. நடக்க வந்தேன்.”

அவள் எழுந்து, எனக்குப் பின்னால் பாதையின் கோடி வரைக்கும் எட்டிப் பார்த்தாள். “ஜட்கா எங்க நிக்குது?”

“கொண்டுவரவில்லை.”

இன்னொரு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு கூடையை எடுத்துவந்து கவிழ்த்துப்போட்டாள். உட்கார்ந்து சான்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். “சரியா கீது, கையெழுத்துப் போடுங்க,” என்றாள். போட்டேன். கீழே தேதியும் போட்டேன்: மார்ச் முப்பத்தொன்று. காலையில் அந்தப் பதில் வந்ததும் அதே தேதியில்தான்; ஐந்து மணிக்குள் இதையும் தபாலில் பதிவு செய்துவிட்டேன்.